குடிசையில் பெண் பார்த்தது

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோவளத்துக்குச் சற்று முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பழைய காலத்துக் கூரை வீடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. கிராமம் என்று பலகையில்தான் எழுதியிருக்கிறது, யாரும் குடியிருக்கவில்லை. காலையில் திறந்து சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். உள்ளே போக டிக்கெட் உண்டு. பல ஊர்களிலிருந்து நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து வந்து, அதே அளவில் மண்சுவர் எழுப்பி, கீற்று வேய்ந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பங்களும் அங்கேதான் சந்தித்துக்கொண்டோம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகள். இருவரும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். எல்லாம் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் பங்கு ஒரு கையெழுத்து மட்டும்தான். ஆனாலும் கையெழுத்து இல்லாத பத்திரம் செல்லாது அல்லவா, அதற்காகத்தான் இந்தச் சந்திப்பு. என் கணவர் வழக்கப்படி கோயிலில் பார்க்கலாம், சிங்கப்பெருமாள் கோவில் ஒன்றும் தூரமில்லையே என்றார். கோயிலில் பார்த்தால் இன்டர்வியூ மாதிரி இருக்கும் என்று மகள் மறுத்துவிட்டாள். அங்கே குடிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இயல்பாகப் பேசலாமாம்.

குடிசை என்றதும், வேறு இடம் பார்க்கலாமே என்று இழுத்தேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயது வரை நான் கீற்றுக் குடிசையில்தான் வளர்ந்தேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில், மழை வந்தால் பாதி தண்ணீருக்குள் நிற்கும் குடிசை. என் கணவருக்குத் தெரியும். என் மகளுக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்லி வைத்திருந்தது வேறு வீடு. முற்றம் வைத்த ஓட்டு வீடு, பின்னால் கிணறு, கிணற்றடியில் கொய்யா மரம். அப்படி ஒரு வீடு நிஜமாகவே இருந்தது. என் அம்மா அங்கே பெருக்கிப் பாத்திரம் தேய்த்தாள். அவ்வளவுதான் எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள உறவு.

இந்தப் பொய்யைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. மகள் இரண்டாம் வகுப்பில், அம்மா பிறந்த வீட்டைப் படம் வரைந்து வரச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். குடிசையைச் சொல்ல வாய் வரவில்லை, ஓட்டு வீட்டைச் சொன்னேன். அப்புறம் அவள் கேட்கக் கேட்க வீடு வளர்ந்தது. அதை விற்ற கதையையும் சேர்த்தேன். என் அப்பாவும் அம்மாவும் அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள், கூடப்பிறந்தவர்களும் எனக்கு இல்லை. காட்டிக்கொடுக்க ஆளில்லாத பொய் நன்றாகத் தழைக்கும்.

பையனின் அம்மா முதல் தடவை போன் செய்தபோதே, உங்களுக்குப் பூர்வீக வீடு இருக்கிறதா என்று கேட்டார். பெரிய அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலே கோப்பைப் புரட்டுகிற மாதிரி இருந்தது. நான் அதே ஓட்டு வீட்டைச் சொன்னேன். போகிற போக்கில் இரண்டாவதாக ஒரு முற்றத்தையும் சேர்த்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் சமையலறையில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அவன் அவங்கம்மா வேணாம்னு சொன்னா மீற மாட்டான். எனக்கு அவனத் தவிர வேற யாரும் வேணாம். நீ தயவுசெஞ்சு வாயக் குடுத்துடாத." அவள் பயப்பட்டதில் நியாயம் உண்டு. பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் நான். தப்பைக் கண்டால் சிவப்பு மையில் சுழிக்காமல் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் வரவேற்புப் பலகையைப் பார்த்துக்கூடச் சண்டை போட்டிருக்கிறேன். இந்த ஒரு நாள் பேசாமல் இருப்பேன் என்று சத்தியம் செய்தேன்.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனோம். வழியில் சதுப்பு நிலம் தெரிந்ததும், அம்மா உங்க ஊர் என்று மகள் கை காட்டினாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். பையன் நல்ல உயரம், சிரித்த முகம். அவன் அப்பா பேச்சே இல்லாதவர், எதைச் சொன்னாலும் தலையாட்டினார். அந்த அம்மாள் கஞ்சி போட்ட கைத்தறிப் புடவையில் விறைப்பாக நின்றார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார். என் முற்றங்கள் இரண்டும் ஆட்டம் கண்டன.

சுற்றிக் காட்ட ஒரு பெண் வந்தாள். முதல் குடிசைக்குள் நுழையும்போது என் கணவர் கூரையில் முட்டிக்கொண்டார். பையன் முட்டிக்கொண்டான். அவன் அப்பாவும் முட்டிக்கொண்டு அதற்கும் தலையாட்டினார். நான் குனிந்து, ஒரு கையால் கீற்றைத் தூக்கினாற் போலப் பிடித்து, சுலபமாக உள்ளே போய்விட்டேன். போன பிறகுதான் பகீரென்றது. செருப்பை ஒழுங்காக விடவில்லை என்று சாக்குச் சொல்லி வெளியே வந்து, மறுபடி நுழைந்து, தலையை வேண்டுமென்றே கூரையில் லேசாகத் தட்டிக்கொண்டேன். ஐயோ என்றுகூடச் சொன்னேன். அந்த அம்மாள் நன்றாகக் குனிந்து, எதிலும் படாமல் உள்ளே வந்தார். அதிகாரியாக இருந்தவர், எதையும் பார்த்துத்தான் செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

கூரை வீடு இயற்கை ஏசி என்று அந்தப் பெண் விளக்கினாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐப்பசியில் எந்தெந்த இடத்தில் எந்தெந்தப் பாத்திரம் வைக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. கீற்றிலிருந்து மடியில் விழும் பூரானைச் சொல்லவில்லை. பங்குனி, சித்திரையில் நாலு குடிசை தள்ளி ஒரு பொறி பறந்தாலும் தெருவே எழுந்து குடத்தோடு நிற்பதைச் சொல்லவில்லை. அங்கே அடுப்பு மூட்ட அனுமதி கிடையாது. அதனால் கூரையின் உள்பக்கம் பளிச்சென்று இருந்தது. கரி படியாத கூரையை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அவளைத் திருத்த வாயைத் திறந்துவிட்டேன். சத்தியத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

விவசாயி வீடு என்று பலகை வைத்த குடிசையில், யாராவது அரிசி புடைத்துப் பார்க்கிறீர்களா என்று முறத்தை நீட்டினாள் அந்தப் பெண். மகள் என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு என்னை முன்னால் தள்ளி, போனில் படம் பிடிக்கத் தயாரானாள். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, வேடிக்கையாக இருக்கும் என்றாள். நான் முறத்தை வாங்கினேன். பதினைந்து வருடம் புடைத்தவளுக்குப் புடைக்கத் தெரியாமல் புடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது யாருக்கும் தெரியாது. கோணல்மாணலாகத் தட்டி, பாதி அரிசியைக் கீழே சிந்தி, எல்லோரையும் சிரிக்க வைத்தேன். கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் பெருமை.

பிறகு வேப்பமரத்தடிக்கு வந்து உட்கார்ந்து காபி குடித்தோம். நிச்சயதார்த்தத்தை இங்கேயே, இந்தக் குடிசைகளுக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டால் போட்டோ பிரமாதமாக வரும் என்றான் பையன். என் மகள் கைதட்டினாள். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, உங்கள் வீட்டில் முற்றம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். கிழக்குப் பக்கம் ஒன்று, மேற்குப் பக்கம் ஒன்று என்றேன். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்றார். கல் பதித்த வாய்க்கால் வழியாகக் கிணற்றடிக்கு என்றேன். என் கணவர் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "சரிங்க. வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்றார்.

இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாத பெண் வீட்டார் தமிழ்நாட்டில் கிடையாது. என் மகளின் முகம் அப்படியே வாடிப் போனது. பையன் தரையைப் பார்த்தான்.

கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் கார் சாவி இல்லை என்று தெரிந்தது. என் கணவர் சாவியைத் தொலைப்பதில் பேர்போனவர், அதனால் எங்கே போனாலும் வண்டியை நிறுத்தியதும் என்னிடம் கொடுத்துவிடுவார். கைப்பையைக் கொட்டிப் பார்த்தோம். நாற்காலிக்கு அடியில், காபி குடித்த இடத்தில், கழிப்பறையில் தேடினோம். கையில் வைத்திருந்ததுதான் எனக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு நினைவில்லை.

அங்கிருந்த மேற்பார்வையாளர் வந்தார். கடைசியாக எந்தக் குடிசையில் இருந்தீர்கள் என்று விசாரித்தார். பிறகு அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும், கோவளத்துக்காரி, தென்னந்துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே வந்தாள். சாவியைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றாள். விவசாயி வீட்டை நீதானே பெருக்கினாய் என்றார். ஆமாம் என்றாள். சாப்பாட்டுப் பையைக் கொண்டு வந்து காட்டு என்றார்.

"நா இன்னாத்துக்கு சார் கார் சாவி எடுக்கப்போறேன்? எனுக்கு கார் ஓட்டத் தெர்யுமா?" என்றாள் அவள். ஆனாலும் பையை எடுக்கப் போனாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்த ஓட்டு வீட்டில் ஒரு நாள் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணாமல் போனபோது, என் அம்மாவை முற்றத்தில் நிற்க வைத்து முந்தானையை உதறச் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சிமிழ் பிறகு பூஜை அலமாரியிலேயே கிடைத்தது. நான் மகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்த முற்றம் அதுதான்.

விவசாயி வீட்டை நோக்கி ஓடினேன். எனக்கு முன்னால் அந்த அம்மாள் அங்கே இருந்தார். வாசலுக்கு உள்பக்கம் நின்று, கூரையை அண்ணாந்துகூடப் பார்க்காமல், தலைக்கு மேலே கையை நீட்டினார். கூரை சரிந்து சுவரில் வந்து இறங்கும் இடத்தை இறவாணம் என்போம். அந்த இறவாணத்தின் கீற்றுக்குள்ளிருந்து எங்கள் கார் சாவியை உருவி எடுத்தார்.

முறத்தை வாங்கும்போது நான்தான் அதை அங்கே செருகியிருக்கிறேன். குடிசையில் அலமாரி ஏது? சீப்பு, கத்தி, மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் இறவாணம்தான் இடம். தீப்பிடித்தால் முதலில் எரிவது அதுதான் என்று தெரியும், இருந்தும் அங்கேதான் வைப்போம். வாய் சொன்ன பொய்யெல்லாம் கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நீங்க சொருகினப்பவே பாத்தேன்" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பார்த்துவிட்டும் எதற்காக முற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள் என்று குரலை அடக்கிக் கேட்டேன். எவ்வளவு தூரம் போவீர்கள் என்று பார்த்தேன் என்றார். சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதுவரை நான் கேட்டிராத ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது.

"எங்க வூட்ல என் சர்டிபிகேட்டெல்லாம் இங்கதான் சொருவி வெச்சிருந்தேன். சைதாப்பேட்ட ஆத்தங்கரை. பத்தாவது மார்க் ஷீட்டு மட்டும் எரியாம தப்பிச்சுது." சொல்லிவிட்டுப் பழைய குரலுக்கு வந்தார். "என் வீட்டுக்காரருக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. பூர்வீக வீடு இருக்கான்னு நான் ஏன் எல்லாரையும் கேக்கறேன் தெரியுமா? நான் முந்திக்கிட்டுக் கேட்டுட்டா என்னை யாரும் கேக்க மாட்டாங்க."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அதனால்தான் போன் பண்றோம் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். தலையசைத்தார். நான் செருகியதைப் பார்த்ததுமே பயந்துவிட்டாராம். இப்படி ஒருத்தி சம்பந்தியாக வந்தால், நான் குனிகிறதையும் நிமிர்கிறதையும் வைத்தே ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவாள், பிறகு என் பிள்ளை என்னைப் பார்த்து இத்தனை வருடம் ஏன் மறைத்தாய் என்று கேட்பான், அதற்கு என்னிடம் பதில் இல்லை என்றார். குடிசையில் இருந்ததற்காக நான் வெட்கப்படவில்லை, மறைத்ததற்குத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது என்றார். எனக்கும் அதே கதைதான். சொல்ல வேண்டியதை எல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

சாவி கீழே கிடந்தது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். சரி என்றேன். நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்து வெளியே வந்தோம்.

வேப்பமரத்தடியில் பெருக்கும் பெண்ணின் சாப்பாட்டுப் பை திறந்து கிடந்தது. ஒரு டிபன் பாக்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில், மடித்து வைத்த பழைய புடவைத் துண்டு. சாவி தரையில் கிடந்தது என்று அந்த அம்மாள் சொன்னதும், மேற்பார்வையாளர் அவள் பக்கம் திரும்பினார். பெருக்குகிற ஒழுங்கு இதுதானா, இல்லை நாங்கள் தேடுவதைப் பார்த்துப் போட்டுவிட்டு வந்தாயா என்றார். அவள் குனிந்து டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள்.

அதற்கு மேல் என் சத்தியம் நிற்கவில்லை.

"அது தரையில கெடக்கல. நான்தான் கூரையில செருகினேன். அந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன். கூரையில் ஏன் செருகினாய் என்று மகள் சிரிப்போடு கேட்டாள். அவளைப் பார்த்தே சொன்னேன். "நான் குடிசையில வளந்தவ. ஓட்டு வீடு நம்ம வீடு இல்ல. எங்கம்மா அங்க பாத்திரம் தேய்ச்சாங்க. உன்கிட்ட நான் சொன்னது பொய்."

என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கூட வந்த அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் என்னையே பார்ப்பது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் பேசியவள் பெருக்கும் பெண்தான். "இன்னாக்கா நீ, எறவாணத்துல கீதுன்னு மொதல்லியே சொல்லக் கூடாதா? நானே எட்து குட்த்துருப்பேனே" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மேற்பார்வையாளர் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் பிடித்த பிடியில் நின்றேன். அவர் கேட்டார். அரை மனதாகத்தான் கேட்டார், ஆனாலும் கேட்கும்வரை நான் விடவில்லை.

கார் பக்கம் நடக்கும்போது அந்த அம்மாள் வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பையனும் என் மகளும் கேட்கும்படி, "எங்களுக்குப் பரிபூரண சம்மதம். பூ வைக்கறதுக்கு நாள் பாருங்க. மண்டபத்துல வெச்சுக்கலாம், இங்க வேணாம்" என்றார். அவர் கணவர் இந்த முறை தலையாட்டவில்லை, சத்தமாகச் சிரித்துவிட்டார்.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குடிசைக்காகக் கோபமில்லையாம். நம்முடையதே இல்லாத கொய்யா மரத்தை நினைத்து எத்தனை தடவை ஏங்கியிருக்கிறேன் தெரியுமா என்று மூன்றாம் நாள் அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் நிஜமான வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். இன்றைக்கும் ஏதாவது நினைத்துக்கொண்டு போனில் கேட்கிறாள். நானும் ஒன்றும் மறைக்காமல், ஒன்றும் சேர்க்காமல் சொல்கிறேன்.

சம்பந்தியம்மாள் மட்டும் தன் பிள்ளையிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கும் என்று நானும் மாதம் ஒரு முறையாவது சொல்லிப் பார்க்கிறேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறார். போன வாரம் இதையெல்லாம் எழுதலாம் என்று தோன்றியபோது, அவரிடம் அனுமதி கேட்காமல் எழுதக் கூடாது என்று போன் செய்தேன். பெயர் போட மாட்டேன், ஆனாலும் பிள்ளைகள் படித்தால் தெரிந்துவிடும், யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

யோசிக்கவே இல்லை. "தாராளமா எழுதுங்க சம்பந்தி" என்றார். "உங்க பொண்ணுக்கும் என் பையனுக்கும் தமிழ் படிக்கவா தெரியும்?"